பிஸ்கட் டின்னில் நாலு வலது கால்

திருச்செல்வத்துக்கு நாற்பத்தொன்பது வயது. பிலிமத்தலாவையில் வீடு, கண்டி நகரத்தில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் ஸ்டோர் கீப்பர் வேலை, ஒரு மனைவி, ஒரு ரேஸ் சைக்கிள். இந்த நான்கில் எதைப் பற்றிக் கேட்டாலும் மனிதர் சைக்கிளைப் பற்றித்தான் பதில் சொல்வார்.

சைக்கிள் வந்த கதை சின்னது. பெட்ரோல் வரிசையில் நின்று நின்று ஊரே கறுத்துப்போன அந்த வருசத்தில் கோபத்தோடு கோபமாக மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டார். அடுத்த வருசம் பக்கத்து வீட்டு டொக்டர் குடும்பத்தோடு மெல்போர்ன் கிளம்பும்போது, தன் சைக்கிளையும் அதற்கான சப்பாத்தையும் இவரிடம் விட்டுப்போனார். சப்பாத்து அளவு நாற்பத்தொன்று. இவர் காலும் நாற்பத்தொன்று. முருகனே அளவெடுத்துக் கொடுத்திருக்கிறான் என்று மனைவி வடிவம்மாவிடம் பூரித்துப்போய்ச் சொன்னார். முருகன் மயிலில் போகிறவர், அவருக்குச் சப்பாத்து அளவு எப்படித் தெரியும் என்று வடிவம்மா கேட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அது சாதாரணச் சப்பாத்து இல்லை. அடியில் மூன்று திருகாணி போட்டு இறுக்கிய ஒரு பிளாஸ்டிக் தகடு இருக்கும். கிளீட் என்று பெயர். பெடலில் வைத்து அழுத்தினால் ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் ‘டக்’ என்று விட்டுவிடும். திருப்ப மறந்தால் ஆளும் சைக்கிளும் ஒற்றுமையாகச் சாய வேண்டியதுதான். பூட்டு நன்றாக இருக்கும்வரை ஏற்றமெல்லாம் வெண்ணெய். பிளாஸ்டிக் தேய்ந்துவிட்டாலோ, எழும்பி மிதிக்கிற நேரம் பார்த்துக் கால் வழுக்கும், முழங்கால் போய் ஹேண்டிலில் இடிக்கும், வாயில் கெட்ட வார்த்தை வரும்.

மற்ற ஆட்களுக்கு ஒரு ஜோடி கிளீட் ஒரு வருசம் ஓடியது. திருச்செல்வத்துக்கு மூன்றே மாதம். அதிலும் கூத்து என்னவென்றால், தேய்வது இடது கால் மட்டும். வலது கால் கிளீட் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரியே மினுங்கிக்கொண்டிருக்கும். இடதின் மூக்கு மட்டும் எலி கடித்த தேங்காய்ச் சில்லாக இருக்கும்.

இப்படி நான்கு ஜோடி போய்விட்டது. தேய்ந்த இடதுகளை வீசினார். வலதுகளை வீச மனம் வரவில்லை. நல்ல சாமானை எறிந்தால் லட்சுமி கோபிப்பாள். தவிர, ‘என்றைக்காவது உதவும்’ என்கிற, ஹார்ட்வெயார்காரர்களுக்கே உரிய நோய் வேறு. நான்கையும் பேப்பரில் சுற்றி, ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, ஈரம் ஏறாமல் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, அலுமாரிக்கு மேலே ஏற்றி வைத்தார். அதை அவர் வடிவம்மாவிடம் சொல்லவில்லை. அவளும் அண்ணாந்து பார்க்கவில்லை.

இடது கிளீட் ஏன் தேய்கிறது என்பது பிலிமத்தலாவையிலிருந்து கண்டி வரை எல்லாருக்கும் தெரியும், அவரைத் தவிர. வீட்டுச் சந்தான ஒழுங்கையின் முனையில் ஓட்டோக்கார இருளப்பன் நிற்பான். “எங்கண்ணே போறீங்க?” என்பான். தினமும் வேலைக்குத்தான் போகிறார் என்பது அவனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் கேட்பான். கேட்ட மனுசனுக்கு நின்று பதில் சொல்லாமல் போவது திருச்செல்வத்தின் வம்சத்திலேயே கிடையாது. டக், இடது கால் தரையில். வேலைக்குத்தான் தம்பி, மகளுக்குக் காய்ச்சல் விட்டுதா, ஓட்டோவுக்கு டயர் மாத்தினியா என்று எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் கிளம்புவார். கிரிபத்கும்புரவில் தேத்தண்ணிக் கடை. டக். பேராதனையில் லொத்தர் டிக்கட் விற்கிற சுகிர்தா. டக். கெட்டம்பேயில் இளநீர்க்காரர். டக். பேச்சு ருசியாகிவிட்டால், பீடியை மிதித்து அணைப்பதுபோல இடது காலைத் தார் ரோட்டில் முறுக்கு முறுக்கென்று முறுக்குவார். அந்தப் பிளாஸ்டிக் அழுததோ என்னவோ, அவர் காதில் விழவில்லை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஐந்தாவது ஜோடி வாங்க அக்குறணைக்குப் போனபோது, திருச்செல்வம், ஊரே அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிற சைக்கிள் கடை லாபிர் நானாவைப் பார்த்து ஒரு சொல் சொல்லிவிட்டார். சனிக்கிழமை, கடை நிறைய ஆட்கள். நான் இந்தச் சப்பாத்தோட நடக்கிறதே இல்ல, கடைக்குப் போனதும் செருப்பு மாத்திடுறேன், அப்படியும் மூணு மாசத்துல தேயுதுன்னா இது டூப்ளிகேட் சாமான், இருபத்திரண்டு வருசமா பி.வி.சி. பைப் விக்கிறவன்கிட்டயே பிளாஸ்டிக் கதை விடாதீங்க என்று குரலை ஏற்றிச் சொன்னார். கடையில் நின்ற ஆட்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

லாபிர் நானா சண்டைக்கார மனிதர் இல்லை. இருபத்தாறு வருசமாக ஒரே இடத்தில் கடை வைத்திருக்கிறவர். வால்வு டியூப் வாங்க வந்த ஒருவர் அதற்கடுத்த நாள் ‘இது ஒரிஜினல்தானே நானா?’ என்று கேட்டபோது அவருக்குச் சோறு இறங்கவில்லை. அன்றிரவு மனைவி பஸ்னாவிடம், நான் செத்தாலும் பரவாயில்ல, கள்ளச் சாமான் வித்தவன்னு பேர் வரப்படாது என்று சொல்லிப் புலம்பினாராம்.

திங்கட்கிழமை காலை அவர் ஹெல்மட்டைப் போட்டுக்கொண்டு, ஸ்கூட்டரில் திருச்செல்வத்துக்குத் தெரியாமல் பின்னாலேயே வந்தார். விரலில், தஸ்பீஹ் ஓதும்போது இறைநாமத்தைக் கணக்கு வைக்கிற எண்ணி ஒன்றை மாட்டியிருந்தார். அல்லா மன்னிக்கட்டும் என்று சொல்லிவிட்டு, திருச்செல்வத்தின் இடது கால் தரையில் படும்போதெல்லாம் ஒரு அழுத்து அழுத்தினார். வீட்டிலிருந்து கண்டி வரை பதினொரு கிலோமீட்டர். எண்ணியில் அறுபத்து மூன்று.

அன்று பின்னேரம் நானா கடைக்குக் கூப்பிட்டுக் கணக்கைச் சொன்னபோது, திருச்செல்வம் இதை ஒத்துக்கொள்ளவில்லை. மிஞ்சிப்போனால் பத்துத் தடவை நின்றிருப்பேன் என்றார். நிற்பதெல்லாம் தேய்மானம் என்றால் எருமை மாட்டுக்குக் குளம்பே மிஞ்சாதே என்றும் கேட்டார். நல்ல கேள்விதான். லாபிர் நானா கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குள் போய், மகள் நுஹாவின் நகப்பூச்சுக் குப்பியை எடுத்து வந்தார். ஐந்தாவது ஜோடியைச் சப்பாத்தில் பூட்டி, இரண்டு கிளீட்டின் மூக்கிலும், பெடலில் படாமல் தரையில் மட்டும் படுகிற இடத்தில், ரோஸ் கலரில் ஒரு கோடு இழுத்தார்.

“திரு தம்பி, ஞாயித்துக்கெழம ஒங்கட ஊட்டுல ஏறி என்ட கடை வாசல்ல எறங்குங்க. நடுவுல கால் மண்ணுல படப்படாது. அப்படியும் இந்தப் பூச்சு அழிஞ்சா என்ட சாமான் கள்ளச் சாமான், கடை போர்டக் கழட்டுறன். அழியாட்டி, அண்டைக்கி செல்லினத இதே எடத்துல நிண்டு மாத்திச் செல்லோணும்.”

சிவப்பு லைட்டில் என்ன செய்வது என்று திருச்செல்வம் கேட்டார். பக்கத்தில் நிற்கிற பஸ்ஸைப் பிடித்துக்கொள்ளலாம் என்று முடிவானது.

சரி என்று சொல்லிவிட்டு வந்தாரே ஒழிய, பூச்சு அழியாமல் சப்பாத்தைக் கட்டி வைத்துவிட்டு பஸ்ஸில் வேலைக்குப் போன அந்த வாரம் அவருக்கு நித்திரை இல்லை. மன்னிப்புக் கேட்பது அவர் படிக்காத பாடம். வடிவம்மாவிடமே கேட்டதில்லை. கேட்க வேண்டிய நாளில், மீன் அடைத்த பன்னான மாலு பணிஸ் நாலு வாங்கி வந்து மேசையில் வைப்பார், அவளும் எடுத்துத் தின்றுவிட்டு மன்னித்துவிடுவாள். அக்குறணைக் கடைத் தெருவில் மாலு பணிஸ் செல்லாது. அதனால், சண்டை போட்டதை மட்டும் சொல்லிவிட்டு, பந்தயத்தைப் பற்றி அவளிடம் மூச்சுவிடவில்லை. சொன்னால் அவள் நானா பக்கம் சேர்ந்துவிடுவாள் என்ற பயம் வேறு.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, லாபிர் நானா விசயமா அக்குறணைக்குப் போறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறினார். வாசல் படியில் நின்றபடியே இரண்டு காலையும் பூட்டி, சுவரை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டுக் கிளம்பினார்.

ஒழுங்கை முனை. இருளப்பன். “எங்கண்ணே போறீங்க?”

திருச்செல்வத்துக்குத் தன்னைப் பற்றி ஒரு விசயம் நன்றாகத் தெரியும். வாய் திறந்தால் கால் இறங்கிவிடும். இரண்டுக்கும் உள்ளே ஏதோ கம்பி இழுத்துவிட்டிருக்கிறது. ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுப் போயே போய்விட்டார். பெற்ற பிள்ளையைத் தெருவில் விட்டுவந்த மாதிரி இருந்தது.

இருளப்பனுக்கு அதைவிட மோசம். இத்தனை வருசத்தில் அண்ணன் நிற்காமல் போன நாள் கிடையாது. உடனே வடிவம்மாவுக்குப் போன் போட்டான். அவள் அடுப்பில் பால் பொங்குகிற அவசரத்தில், லாபிர் நானா விசயமா அக்குறணைக்குப் போறாரு, மூஞ்சியே சரியில்ல என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். இருளப்பன் போனைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான். அவன் யோசித்தால் எப்போதும் ஒரு முடிவுக்கு வந்துவிடுவான்.

“லாபிர் நானா போயிட்டாரு போல,” என்றான் பக்கத்து ஓட்டோக்காரனிடம். “அவங்க ஆளுங்க காலைல போனா பகலுக்குள்ள அடக்கிருவாங்கல்ல. அதான் அண்ணன் நிக்காம ஓடுறாரு.”

எவ்வளவு சரியான கணக்கு பாருங்கள். விடை மட்டும்தான் பிழை. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, இப்போது போன் வேறு இருக்கிறது. கிரிபத்கும்புரத் தேத்தண்ணிக் கடைக்காரர் வாசலில் நின்று கையைத் தட்டிக் கூப்பிட்டும் திருச்செல்வம் திரும்பாமல் போனார். சுகிர்தா லொத்தர் கட்டை ஆட்டிக் காட்டியும் போனார். ஒவ்வொருவரும் பதறிப்போய் அடுத்தவருக்குப் போன் அடிக்க, பேராதனைப் பாலம் தாண்டுமுன் லாபிர் நானா நெஞ்சுவலியில் போய்விட்டார். கெட்டம்பேக்கு வரும்போது விடியற்காலைச் சுபஹ் தொழுகைக்கு எழும்பினவர் அப்படியே சாய்ந்தார் என்பதுவரை விவரம் சேர்ந்துவிட்டது.

துக்கம் விசாரிக்க ஆறேழு பேர் போன் எடுத்த பிறகுதான் வடிவம்மாவுக்கு ‘விசயம்’ தெரிந்தது. அடப்பாவி மனுசா, செத்தவரோட சண்டை பிடிச்ச கூச்சத்துல என்கிட்டகூடச் சொல்லாமப் போயிட்டியே என்று வாயில் சேலைத் தலைப்பை வைத்து அழுதாள். புருசனுக்கு அடித்தால் அவர் போன் முதுகுப் பையில் கிடந்து அடித்து ஓய்ந்தது. லாபிர் நானாவின் நம்பர் அவளிடம் இருந்தது. ஆனால் செத்தவர் போனுக்கு யாராவது அடிப்பார்களா?

வெள்ளைச் சேலை கட்டினாள். சாவு வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை, கடை திறக்கவில்லை. அப்போதுதான், இத்தனை வருசத்தில் முதல் தடவையாக, அலுமாரிக்கு மேலே அண்ணாந்து பார்த்தாள். டேப் ஒட்டின பிஸ்கட் டின் ஒன்று, உடைக்காமல் இருந்தது. கடவுளே பார்த்து வைத்த மாதிரி.

தேத்தண்ணிக் கடைக்காரரின் வேன், இருளப்பனின் ஓட்டோ, இன்னும் ஐந்தாறு ஓட்டோ. வழியில் நின்றவர்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு நாற்பது பேருக்குக் கிட்டக் கிளம்பினார்கள். வேன் வளைவில் திரும்பும்போதெல்லாம் டின்னுக்குள் ‘கட கட’ என்றது. நாலே நாலு பிஸ்கட்டை வைத்து யாரோ கடைக்காரன் ஏமாற்றிவிட்டானே என்று வடிவம்மாவுக்கு ஒரே வெட்கம். டின்னை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

திருச்செல்வம் அந்த நேரம் கட்டுகஸ்தோட்டையில் சிவப்பு லைட்டில், மாத்தளை பஸ்ஸின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே இருந்த அம்மணி எங்கே போறீங்க என்று சிங்களத்தில் கேட்டதற்கும் வாயைத் திறக்கவில்லை. பச்சை விழுந்து கொஞ்சத் தூரம் போனதும் வேன் அவரைத் தாண்டியது. பின்னாலேயே ஓட்டோவிலிருந்து இருளப்பன் தலையை நீட்டினான்.

“நீங்க மெதுவா வாங்கண்ணே. நாங்க முன்னுக்குப் போயிர்றோம்.”

வேனுக்குள் வடிவம்மா, சுகிர்தா, இளநீர்க்காரர். சுகிர்தா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திருச்செல்வத்துக்குப் புல்லரித்துவிட்டது. பந்தயம் எப்படியோ ஊருக்குத் தெரிந்துவிட்டது, தான் ஜெயிக்கிறதைப் பார்க்க எல்லாரும் கிளம்பிவிட்டார்கள், அதிலும் வடிவம்மா வெள்ளையுடுத்துக் கோயிலுக்குப் போகிற மாதிரி வந்திருக்கிறாள் என்று நினைத்தார். கண்ணீரைப் பார்த்ததும் கால் தானாக வேகம் பிடித்தது. மடையன் என்று சொல்ல வாய் வருகிறது, ஆனால் அந்த அரை மணித்தியாலம் அவர் வாழ்க்கையிலேயே சந்தோசமான அரை மணித்தியாலம். அதை ஏன் கெடுப்பானேன்.

அக்குறணையில் லாபிர் நானா கடை வாசலில் முக்காலி போட்டு, பந்தயத்தின் முடிவைப் பார்க்கப் பால் போடாத பிளேன்டியோடு உட்கார்ந்திருந்தார். வேனும் ஓட்டோக்களும் நின்றன. வெள்ளையுடுப்பில் நாற்பது பேர் தலையைக் குனிந்தபடி இறங்கினார்கள். நிமிர்ந்தார்கள். அடக்கம் செய்ய வேண்டிய மையத்து டீ குடித்துக்கொண்டிருந்தது.

கடைசியில் இருளப்பன்தான் தைரியமாகக் கிட்டப்போய், நானா, நீங்க எப்ப… என்று இழுத்தான். லாபிர் நானாவுக்கு நிலைமையைப் புரிந்துகொள்ள ஒரு நிமிசம் பிடித்தது.

“நான் மவுத்தாகல்ல,” என்றார். “டீ குடிக்கிறன்.”

அந்த நேரம் பார்த்துத் திருச்செல்வம் வந்து சேர்ந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் ஒரு கையைத் தூக்கினார். சைக்கிளை வாசலில் நிறுத்தினார். கால் தரையில் படக்கூடாது, படக்கூடாது என்று இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஓதிக்கொண்டு வந்தவருக்கு, இப்போது படலாம் என்பது மறந்துவிட்டது. குதிகாலைத் திருப்பவில்லை. சிரித்த முகத்தோடு, தூக்கிய கையோடு, மெதுவாக இடது பக்கம் சாய்ந்து தொப்பென்று விழுந்தார். விழுந்த பிறகும் இரண்டு காலும் பெடலிலேயே இருந்தன.

லாபிர் நானா எழுந்து வந்து, இரண்டு காலையும் பெடலிலிருந்து விடுவித்தார். இடது சப்பாத்தைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார். எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தார். ரோஸ் கலர்க் கோடு வைத்தது வைத்தபடி இருந்தது.

திருச்செல்வம் தரையில் உட்கார்ந்தபடியே வழக்காடினார். ஒரு நாள் ஓட்டத்தில் என்ன தெரியும், ரோடு நல்ல ரோடு, வெயிலும் இல்லை, மூன்று மாதம் ஓட்டிப் பார்த்தால்தான் சாமானின் லட்சணம் தெரியும் என்றார். தோற்றது அவருக்குத் தெரியும். நாக்குக்கு மட்டும் இன்னும் சேதி போகவில்லை.

வடிவம்மாவுக்கு அவர் பேச்சு ஏறவில்லை. சாகாத வீட்டுக்கு வந்துவிட்ட வெட்கத்தில், சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்த பஸ்னாவின் கையில் டின்னைத் திணித்தாள். கொண்டுவந்ததைத் திருப்பிக் கொண்டுபோவது மரியாதையில்லை என்று அவள் எண்ணம். வந்தவர்களுக்கு டீயோடு வைக்கலாம் என்று பஸ்னா டேப்பைக் கிழித்து மூடியைத் திறந்தாள். பேப்பரை விரித்தாள். பிறகு டின்னைக் கணவரிடம் நீட்டினாள்.

உள்ளே நாலு கிளீட். நாலும் வலது கால். நாலும் புத்தம் புதுசு மாதிரி.

திருச்செல்வம் பேச்சை நிறுத்தினார். வடிவம்மா டின்னைப் பார்த்தாள், புருசனைப் பார்த்தாள், நானாவின் கையிலிருந்த சப்பாத்தைப் பார்த்தாள். கதை முழுக்க அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. இருபத்திரண்டு வருசமாகப் பைப் விற்காததால் சீக்கிரம் விளங்கிவிட்டது.

“நாலும் நானா கடைல வாங்கினதுதானே?” என்றாள். “சாமான் சொத்தைன்னா வலதும்ல தேஞ்சிருக்கணும்?”

லாபிர் நானா அதைப் பிடித்துக்கொண்டு குதிக்கவில்லை. அவர் கூட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று ஸ்கூட்டரில் வந்தபோது இடது காலை மட்டுமே பார்த்ததாலோ என்னவோ, ஒரு முகமும் தெரிந்த முகமில்லை. பக்கத்தில் நின்ற சுகிர்தாவிடம், மகள், என்னை ஒங்களுக்கு எப்படித் தெரியும், ஒரு நாளும் கண்டதில்லையே என்று கேட்டார்.

“திரு அண்ணன் சொல்லித்தான்,” என்றாள் அவள். “தம்பிக்குச் சைக்கிள் வாங்கணும்னு சொன்னேன். அக்குறணைல லாபிர் நானான்னு ஒருத்தர் இருக்காரு, கள்ளமே தெரியாத மனுசன், அங்க போன்னு சொன்னாரு. போன வருசம். எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்லுவாரு.”

இளநீர்க்காரர் ஆமாம் என்றார். தேத்தண்ணிக் கடைக்காரரும் தலையாட்டினார். அறுபத்து மூன்று இடத்தில் நின்று கிளீட்டைத் தேய்த்து அவர் பேசிய பேச்சில் இதுவும் இருந்திருக்கிறது. அவருக்கே அது நினைவில்லை.

திருச்செல்வம் எழுந்து நின்றார். ஒரு காலில் சப்பாத்து, ஒரு காலில் காலுறை. கண் கலங்கியிருந்தது, விழுந்த வலியில் என்று பிறகு சொல்லிக்கொண்டார். கடைத் தெருவில் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று பார்த்தார்கள்.

“நானா சாமான் ஒரிஜினல்,” என்றார் சத்தமாக. “என் வாய்தான் டூப்ளிகேட். மன்னிச்சிருங்க நானா.”

லாபிர் நானா அவர் தோளில் கையைப் போட்டார். பிறகு டின்னிலிருந்து ஒரு கிளீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, இதையெல்லாம் ஏன் பூட்டி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். வலது காலுக்கு உள்ளதை இடது காலில் எப்படிப் போடுவது, செருப்பு மாத்திப் போட்டாலே தரித்திரம் என்பார்கள் என்றார் திருச்செல்வம். லாபிர் நானா அந்தக் கிளீட்டை இடது சப்பாத்தின் அடியில் வைத்துக் காட்டினார். அச்சாகப் பொருந்தியது. இந்தச் சாமானில் வலதும் இல்லை, இடதும் இல்லை, இரண்டும் ஒன்றுதான். ஒரு வருசத்துக்குத் தேவையான இடது கிளீட், அவர் வீட்டு அலுமாரிக்கு மேலேயே தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

முதலில் சிரித்தது வடிவம்மாதான். அதற்குப் பிறகு தெருவே சிரித்தது. பஸ்னா நாற்பது பேருக்கும் தண்ணீர் கொதிக்க வைத்தாள், பக்கத்துக் கடையிலிருந்து கோப்பை கடன் வந்தது, இருளப்பன் இரண்டு தரம் வாங்கிக் குடித்தான். போகும்போது லாபிர் நானா வேன் வரைக்கும் வந்து, ஒவ்வொருவர் கையையும் பிடித்து, பேர் கேட்டுத் தெரிந்துகொண்டார். கடைசியாக, காலி டின்னை வடிவம்மாவின் கையில் கொடுத்தார்.

“நான் மெய்யா மவுத்தாகுற அண்டைக்கும் எல்லாரும் வரோணும் தங்கச்சி,” என்றார். “அண்டைக்காவது பிஸ்கட் கொண்டு வாங்க.”